மடி வீங்கவில்லை, பாலும் திரியவில்லை, ஆனாலும் எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) குறைகிறது. நோய் எந்தக் காம்பில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: கோபி பக்கத்துப் பால் உற்பத்தியாளர்

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் மூன்று கறவை மாடுகளும் ஒரு கிடேரியும் வைத்திருக்கிறோம். செவலையும் சுட்டியும் ஜெர்சி கலப்பு, கருப்பி எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு. காலையும் மாலையும் நானே கையால் கறக்கிறேன். மூன்று மாட்டுப் பாலும் ஒரே கேனில்தான் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது.

சென்ற மாதம் வரை எங்கள் கேனுக்கு எஸ்.என்.எஃப். 8.4 என்று வந்துகொண்டிருந்தது. மூன்று வாரங்களாக 8.1 வருகிறது, ஒரு நாள் 8.0 என்றும் வந்தது. கொழுப்பு 4.2 அளவிலேயே நிற்கிறது. பால் அளப்பவர் பத்துப் பேர் நிற்கும்போது, "தண்ணீர் சேர்ந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டார். கழுவிய கேனைக் கவிழ்த்து வைத்து, ஈரம் முழுவதும் வடிந்த பிறகே பாலை ஊற்றும் எங்களுக்கு அந்தச் சொல் மிகவும் வருத்தமாக இருந்தது.

செவலை இரண்டாம் ஈத்து, கன்று போட்டு மூன்று மாதம் ஆகிறது. காலையில் ஏழு லிட்டர் கறந்தது இப்போது ஐந்தரைக்கு வந்துவிட்டது. ஆனால் மடியில் வீக்கமோ சூடோ இல்லை. பாலில் திரியும் இல்லை. தீனியும் நன்றாக எடுக்கிறது. ஒருவர் கண்ணேறு என்கிறார். மற்றொருவர் நான்கு காம்புக்கும் ட்யூப் (காம்புத் துளை வழியாக உள்ளே செலுத்தும் மருந்து) ஏற்றிவிடச் சொல்கிறார். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து ஏற்ற எனக்கு மனமில்லை. எந்த மாடு, எந்தக் காம்பு என்று வீட்டிலேயே அறிந்துகொள்ள வழி உண்டா? பால் உப்புக் கரிக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்களே, அதை நம்பலாமா? கையடக்க மீட்டர் ஒன்று விற்கிறார்கள், அது பயன்படுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்

வணக்கம் அம்மா. நோய் எதுவென்று அறியாமல் மருந்து ஏற்ற மாட்டேன் என்று நீங்கள் எழுதியிருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். அந்த முடிவில் உறுதியாக இருங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், வெளியே தெரியாத மடிநோயாக இருக்க வாய்ப்பு அதிகம். மடி வீங்கிச் சிவந்து, பால் திரிதிரியாக வரும் நோய் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் அப்படி ஒரு மாட்டுக்கு வருகிறதென்றால், வீக்கமும் வலியும் இல்லாமல் அதே நோயைச் சுமக்கும் மாடுகள் அதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். நுண்கிருமி காம்புத் துளை வழியாக உள்ளே போனதும், அதை எதிர்க்க இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் மடிக்குள் இறங்குகின்றன. பால் சுரக்கும் செல்கள் பழுதுபடுவதால் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் குறைகிறது. அந்த இடத்தை ஈடுகட்ட இரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைடும் பாலுக்குள் கசிகின்றன. எஸ்.என்.எஃப். குறைவதும் பால் உப்புக் கரிப்பதும் இதனால்தான்.

தண்ணீர் சேர்ந்திருந்தால் எஸ்.என்.எஃப். உடன் கொழுப்பும் அதே விகிதத்தில் இறங்கியிருக்க வேண்டும்; உங்கள் கணக்கில் கொழுப்பு அப்படியே நிற்கிறது. ஐயம் இருந்தால் உறைநிலைப் பரிசோதனை கேளுங்கள். பசும்பால் மைனஸ் 0.52 டிகிரி அளவில் உறையும். தண்ணீர் சேர்ந்தால் அது பூஜ்யத்தை நோக்கி நகரும். மடிநோயில் சர்க்கரை குறைந்த அளவுக்கு உப்பு கூடிவிடுவதால் உறைநிலை பெரிதாக மாறுவதில்லை. ஆகவே எஸ்.என்.எஃப். எண்ணை மட்டும் வைத்து ஒருவரைக் கலப்படக்காரர் என்று சொல்வது நியாயம் ஆகாது. அதே சமயம், அடர்தீவனம் போதாமல் போனாலும், கடும் வெயிலிலும் எஸ்.என்.எஃப். குறையும் என்பதால், அண்மையில் தீவனத்தை மாற்றினீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேனில் உள்ள பாலைப் பார்த்து மடிநோயைக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நலமான காம்பின் பாலில், ஒரு மில்லியில் ஒரு லட்சத்துக்கும் குறைவான உடலணுக்களே (வெள்ளை அணுக்களும் மடியிலிருந்து உதிரும் செல்களும்) இருக்கும். இரண்டு லட்சத்தைத் தாண்டினால் அங்கே தொற்று இருப்பதாகக் கருதுகிறோம். செவலையின் ஒரு காம்பில் பத்து லட்சமும் மற்ற மூன்றில் ஒவ்வொன்றிலும் ஒரு லட்சமும் இருப்பதாக வைத்துக்கொண்டால், நான்கும் கலந்த பாலில் சராசரி மூன்றேகால் லட்சம். அதோடு மற்ற இரண்டு மாடுகளின் நல்ல பாலும் சேரும்போது இரண்டு லட்சத்துக்குக் கீழே இறங்கிவிடும். கேன் நல்ல கேனாகத் தெரியும். காம்போ உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும். மடிக்குள் நான்கு பகுதிகளும் தனித்தனியானவை. ஒன்றின் பால் மற்றொன்றுக்குப் போவதில்லை. ஆகையால் உங்களிடம் இருப்பது மூன்று மாடுகள் அல்ல, பன்னிரண்டு காம்புகள் என்று வைத்துக்கொண்டு சோதியுங்கள்.

அதற்கு ஏற்றது கலிபோர்னியா மடிநோய்ப் பரிசோதனை. அமெரிக்காவில் 1957-இல் உருவாக்கப்பட்ட இந்த முறையை மிஞ்சும் எளிய வழி கொட்டகைக்கு இன்னும் வரவில்லை என்பது என் கருத்து. நான்கு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டும் ஊதா நிறக் கரைசலும் கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கும். கறப்பதற்கு முன் காம்புகளைத் துடைத்து, முதல் இரண்டு மூன்று பீச்சுகளைத் தனிக் கிண்ணத்தில் விட்டுவிட்டு, ஒவ்வொரு காம்பின் பாலையும் அதற்குரிய குழியில் பீச்சுங்கள். தட்டைச் சாய்த்து மிகுதியை வடித்துவிட்டால் குழிக்கு ஏறத்தாழ இரண்டு மில்லி நிற்கும். அதே அளவு கரைசலை விட்டு, தட்டை மட்டமாகப் பிடித்து, மாவு சலிப்பதுபோலப் பத்து நொடி சுழற்றுங்கள். வெள்ளை அணுக்கள் மிகுந்த பாலானால், கரைசலில் உள்ள சோப்புத் தன்மை அந்த அணுக்களை உடைத்து, உள்ளிருக்கும் மரபுப் பொருளை வெளியேற்றிக் கெட்டியாக்கிவிடும். நல்ல பால் தண்ணீரைப்போலவே ஓடும். இலேசான தொற்றில், தட்டைச் சாய்க்கும்போது அடியில் ஒரு மெல்லிய கோடு இழுபடும். சில நொடிகளில் அது மறைந்துவிடுவதால், சுழற்றிக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். தொற்று கூடினால் பால் கஞ்சிபோல் தடிக்கும். முற்றிய நிலையில் முட்டை வெள்ளைக்கருவைப்போலத் திரண்டு குழியின் நடுவில் மேடாக நிற்கும். தட்டைக் கவிழ்த்தால் முழுக்கட்டியாக வழுக்கி விழும்.

கன்று போட்ட முதல் பத்து நாட்களிலும், பால் வற்றும் தறுவாயிலும் நலமான மாட்டின் பாலும் தடித்துக் காட்டலாம். அப்போது நான்கு காம்பும் ஒரேபோல இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு காம்பு மட்டும் தனித்துத் தடித்தால் அதைக் கவனியுங்கள்.

நாக்கில் வைத்துப் பார்ப்பதை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். உப்புக் கரிப்பு உண்மைதான் என்றாலும், காய்ச்சாத பாலில் புருசெல்லா, காசநோய்க் கிருமிகள் இருக்கக்கூடும். ஒரு காம்பின் நோயை அறிய உங்கள் உடம்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

பதில் 2: ஆறு மாடு வளர்ப்பவர், ராசிபுரம்

அக்கா, மருத்துவர் ஐயா சொன்ன சோதனையை நான் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை செய்கிறேன். செய்யத் தொடங்கியதற்குக் காரணம் ஓர் இழப்பு. நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாட்டுக்கு மடி வீங்கி, "இடது பக்கப் பின்காம்பு" என்று மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னேன். மாட்டின் முகத்துக்கு எதிரே நின்றுகொண்டு நான் இடது என்று சொன்னது, அவர் கணக்கில் வலது. மருந்து நலமாக இருந்த காம்புக்குப் போனது. நோயுற்ற காம்பு அந்த ஈத்திலேயே சுண்டிப்போனது. இன்றும் அந்த மாடு மூன்று காம்பில்தான் கறக்கிறது. அதன் பிறகு கொட்டகைச் சுவரில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டேன். மாட்டுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு நான்கு கட்டம், மு.இ., மு.வ., பி.இ., பி.வ. (முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது) என்று எழுதியிருப்பேன். வால் பக்கம் நின்று பார்க்கும் இடம் வலம்தான் கணக்கு என்பதை முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

கரைசல் கிடைக்காத நாட்களில் துணி துவைக்கும் தூளைப் பயன்படுத்துகிறேன். 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் தூள். அந்தக் கரைசலும் பாலும் சம அளவு. ஒரு நிமிடம் சுழற்ற வேண்டும். இது பாகிஸ்தானில் சிறு விவசாயிகளுக்காக உருவாக்கிப் பரப்பப்பட்ட முறை என்று பயிற்சியில் சொன்னார்கள். தூளுக்குத் தூள் வலிமை மாறுவதால், புதுப் பொட்டலம் பிரித்தால் முதலில் நலமான காம்பின் பாலில் சோதித்து, அது தடிக்கவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகே மற்றதைப் பார்ப்பேன். இலேசான தொற்றை அந்த ஊதா நிறக் கரைசல் காட்டுகிற அளவுக்கு இது தெளிவாகக் காட்டாது என்பது என் அனுபவம். சோதித்த பாலைக் கன்றுக்கோ நாய்க்கோ ஊற்றாமல், கொட்டகைக்கு வெளியே குழியில் கொட்டிவிடுங்கள்.

தினமும் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ஒரு டம்ளர் வாயில் கறுப்புத் துணியை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு காம்பின் முதல் பீச்சையும் அதன்மேல் விடுங்கள். வெள்ளைத் தரையில் தெரியாத திரி, கறுப்புத் துணியில் ரவைக் குருணையாக நிற்கும். விடியற்காலை இருட்டில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். முதல் பீச்சைத் தரையில் விடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்; அந்தப் பாலில்தான் கிருமி அதிகம், அதன்மேல்தான் மாடு படுக்கிறது.

கறந்து முடித்ததும் மடி காலிப் பைபோலத் தளர்ந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் ஏந்தி, விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். எங்கள் சிவப்பிக்கு வலது முன்பக்கம் மாங்கொட்டை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பாலில் அதுவரை எந்த மாற்றமும் இல்லை. அன்றே சோதித்தேன், அந்தக் குழி மட்டும் தடித்தது.

இன்னொன்று கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். எந்த மாட்டை முதலில் கறக்கிறீர்கள்? ஒரு மாட்டுக்கும் அடுத்த மாட்டுக்கும் நடுவே கை கழுவுகிறீர்களா? மடி துடைக்க ஒரே துணியா?

பதில் 3: ஆய்வகத்தில் பணியாற்றுபவர்

மீட்டரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பாலின் மின்கடத்து திறனை அளக்கிறது. மருத்துவர் சொன்னதுபோல் சோடியமும் குளோரைடும் கூடும்போது பால் மின்சாரத்தை அதிகமாகக் கடத்தும். 25 டிகிரி வெப்பத்தில் நலமான பால் ஏறத்தாழ 4 முதல் 5.5 மில்லிசீமன்ஸ் காட்டும். தொற்று இருந்தால் அதைத் தாண்டும். ஆனால் பாலின் சூடு, கொழுப்பு, ஈத்து, கறவைக் காலம் ஆகிய எல்லாவற்றாலும் இந்த எண் மாறுகிறது. எனவே ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு முடிவு செய்யாமல், ஒரே மாட்டின் நான்கு காம்புகளையும் ஒரே நேரத்தில் அளந்து, எது விலகி நிற்கிறது என்று பாருங்கள். மூன்று மாடுகளுக்காக மீட்டர் வாங்குவதைவிட, அந்தப் பணத்தில் கரைசலும் காம்பு முக்கும் அயோடின் மருந்தும் வாங்குவதே நல்லது என்பேன்.

தட்டுச் சோதனை, நோய் எந்தக் காம்பில் என்று சொல்லும். என்ன கிருமி என்று சொல்லாது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றால், கறப்பவர் கையின் வழியாக மாட்டுக்கு மாடு பரவும். மடித் திசுவுக்குள் பதுங்கிக்கொள்வதால் மருந்துக்கு எளிதில் அடங்காது. ஈகோலை சாணத்திலிருந்தும் ஈரத் தரையிலிருந்தும் வருவது. இரண்டுக்கும் மருந்தும் வேறு, கொட்டகையில் செய்ய வேண்டிய வேலையும் வேறு. ஆகவே தடித்துக் காட்டிய காம்பின் பாலை, ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன்பே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும், மாவட்டங்களில் உள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுகளிலும் விசாரியுங்கள். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தக மருத்துவரே வழி சொல்வார்.

எங்களிடம் வரும் மாதிரிகளில் வீணாகிப்போவதெல்லாம் எடுக்கும் முறையால்தான். பழைய மருந்துப் புட்டியில் எடுத்து, வெயிலில் பையில் தொங்கவிட்டு எடுத்து வரும் பாலில், மடியின் கிருமியைவிடச் சாணத்தின் கிருமியே அதிகம் வளரும். கையைச் சோப்பால் கழுவி உலர்த்துங்கள். முதல் சில பீச்சுகளை விட்டுவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் காம்பு நுனியை, பஞ்சில் அழுக்கு ஒட்டாமல் வரும்வரை துடையுங்கள். ஸ்பிரிட் காயட்டும். கிருமி நீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்து, மூடியின் உட்பக்கம் விரல் படாமல், ஐந்து மில்லி பீச்சினால் போதும். மாட்டின் பெயர், காம்பு, தேதி எழுதி, ஐஸ் வைத்த டப்பாவில் அன்றே கொண்டு சேருங்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் எல்லா நாளும் பாலில் வெளியேறுவதில்லை. ஒருமுறை வளரவில்லை என்று முடிவு வந்தாலும், காம்பு தொடர்ந்து தடித்தால் மறுபடியும் அனுப்புங்கள்.

பதில் 4: புதிய உறுப்பினர்

சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுவதை யாருமே சொல்லவில்லையே. எங்கள் பக்கத்தில் பலர் அதில்தான் குணப்படுத்துகிறார்கள். சோதனையெல்லாம் செய்யாமல் அதையே பூசி வந்தால் போதாதா?

பதில் 5: ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்

அந்த மருந்தை நானும் மதிக்கிறேன். கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என்ற அளவில் அரைத்துப் பூசும் முறையைத் தேசியப் பால்வள வாரியமும் பரப்பி வருகிறது. மடியைக் கழுவிவிட்டு, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து, நாளொன்றுக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாட்கள் பூச வேண்டும். காலையில் ஒருமுறை தடவிவிட்டுப் பலன் இல்லை என்பவர்களே அதிகம். ஆனால் எந்த மருந்தானாலும், பூசுவதற்கு முன்பும் முடித்த ஒரு வாரத்துக்குப் பிறகும் தட்டுச் சோதனை செய்யாவிட்டால், குணமானது காம்பா, நம் மனமா என்று எப்படி அறிவது? வீக்கம் வடிவது வேறு, தொற்று நீங்குவது வேறு.

மாடு தீனியை விட்டு, காய்ச்சலோடு நடுங்கி, பால் தண்ணீராகவோ இரத்தம் கலந்தோ வந்தால், அல்லது மடி நீலம் பாய்ந்து சில்லென்று இருந்தால், பூச்சில் ஒரு மணி நேரத்தைக்கூடக் கழிக்காதீர்கள். 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்த நிலையில் ஓர் இரவிலேயே மாடு போய்விடலாம்.

ட்யூப் ஏற்றினால் அதன் உறையில் எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்று இருக்கிறதோ, அத்தனை நாளும் நான்கு காம்புப் பாலையும் சங்கத்துக்கு ஊற்றாதீர்கள். வீக்கம் இல்லாத தொற்று எல்லாவற்றுக்கும் கறவையிலேயே ட்யூப் ஏற்றுவதும் தேவையில்லை. சிலவற்றைப் பால் வற்றவிடும் நாளில் ஏற்றும் மருந்தால் தீர்ப்பதே நல்ல பலன் தருகிறது. அதை ஆய்வக முடிவைப் பார்த்து உங்கள் மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி கேட்டவர், ஒன்பது நாட்களுக்குப் பிறகு

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. தட்டும் கரைசலும் ஈரோட்டில் கிடைத்தன. நேற்று முன்தினம் காலையில் பன்னிரண்டு காம்புகளையும் சோதித்தேன்.

செவலைக்கு பி.இ. குழியில் பால் கஞ்சிபோல் தடித்தது. மற்ற மூன்றும் தண்ணீர்போல ஓடின. சுட்டிக்கு நான்கும் நன்றாக இருந்தன. நான் சிறிதும் ஐயப்படாத கருப்பிக்குத்தான் பி.இ., பி.வ. இரண்டும் திரண்டு நின்றன. பி.வ. வெள்ளைக்கருபோல் ஒரே கட்டியாகி, தட்டைச் சாய்த்தபோது முழுதாக வழுக்கி விழுந்தது. கருப்பி அதிகம் கறக்கும் மாடாதலால், அதன் பால் அரை லிட்டர், ஒரு லிட்டர் குறைந்ததை நான் கவனிக்கவில்லை. கருப்பியின் மடியைத் தினமும் கழுவித் துடைத்த கை இது; உள்ளே இப்படி இருக்கும் என்று நினைக்கவே இல்லை. வெகுநேரம் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ராசிபுரத்துச் சகோதரி கேட்ட கேள்விக்கு விடை இப்போது புரிகிறது. அதிகம் கறக்கும் மாடு என்பதால் கருப்பியைத்தான் முதலில் கறப்பேன். அடுத்துச் செவலை. சுட்டி கட்டுத்தரையின் கடைசியில் நிற்பதால், இடையில் கேனை எடுத்து வைத்து, கை கழுவிவிட்டுத்தான் அதனிடம் போவேன். கருப்பிக்கும் செவலைக்கும் நடுவே கை கழுவியதே இல்லை; துடைத்த துணியும் ஒன்றுதான்.

இப்போது சுட்டி முதலில், செவலை அடுத்து, கருப்பி கடைசி என்று மாற்றிவிட்டேன். நோயுள்ள மூன்று காம்புகளையும் கடைசியாகத் தனிப் பாத்திரத்தில் கறந்து கொட்டிவிடுகிறேன். மாட்டுக்கு ஒரு துணி என்று பழைய வேட்டியைக் கிழித்து வைத்து, தினமும் கொதிநீரில் அலசிக் காயப்போடுகிறேன். கறந்தவுடன் காம்புகளை அயோடினில் முக்கி, காம்புத் துளை மூடுவதற்கு அரை மணி நேரம் ஆகும் என்று எங்கள் மருத்துவர் சொன்னதால், மாடு படுக்காமல் இருக்க அப்போதுதான் சோளத்தட்டு போடுகிறேன். பாதி வேலைக்கு எழுந்து வரும் என் மகன் இப்போது நோட்டில் கட்டம் போடுகிறான்.

மூன்று காம்புகளின் பாலையும் மருத்துவர் நேரில் நின்று குப்பிகளில் எடுத்துக்கொண்டார்; ஆய்வக முடிவு வரும்வரை ட்யூப் வேண்டாம் என்றார். நேற்று மாலை சங்கத்தில் எஸ்.என்.எஃப். 8.3 வந்தது. பால் அளப்பவரிடம் தட்டைக் காட்டி விளக்கினேன். அவர் வீட்டிலும் இரண்டு மாடுகள் உண்டு, ஞாயிற்றுக்கிழமை தட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஆய்வக முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.